எதிர்க்கடை மாஸ்டரின் வலது கை

எதிர்க்கடை மாஸ்டர் கையை உடைத்துக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது ஊசியக்காவின் வாயில் ஏழெட்டுக் குண்டூசிகள் இருந்தன. அதனால் அவளால் உடனே எதுவும் சொல்ல முடியவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவர் அவள் போகும் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி. தைக்கக் கொடுத்த கவுனை அளவு பார்க்க வந்தவர் கண்ணாடி முன் நின்றபடியே சொன்னார். "ஏணியில இருந்து விழுந்தாராம். வலது கை. விரல் கணுவுல இருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கர்த்தர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு, பாத்தியா."

ஊசியக்கா குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியதென்னவோ உண்மை. சந்தோஷம் வந்த வேகம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலில் காத்துக் கிடந்ததுபோல, கதவைத் திறந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

தையற்காரி என்பதால் அவளுக்கு ஊசி என்று பெயர் வந்ததாக வெளியாட்கள் நினைத்தார்கள். தெரிந்தவர்களுக்குக் காரணம் அவள் நாக்கு. மனதில் பட்டதைச் சுற்றி வளைக்காமல் குத்திவிடுவாள். போதகர்கூட அவளிடம் பேசும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துத்தான் பேசுவார்.

மாஸ்டருக்கும் அவளுக்கும் ஒரே தெரு, ஒரே தொழில், நேர் எதிர் வாசல். பதினைந்து அடி அகலத் தெருவில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பிழைப்பு நடத்தினார்கள். முன்பு பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதும் ஊசியக்காவிடம்தான் வரும். அதை நம்பி இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள். மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தாள். மாஸ்டர் ஒரு நாள் பள்ளி மேலாளரிடம் போய், "அந்தம்மா துணியில கை வைக்கிறாங்க. பேன்ட் உயரத்தை அளந்து பாருங்க, மிச்சத் துணி எங்க போகுதுன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தார். மேலாளர் அளந்தும் பார்க்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. அடுத்த ஆர்டர் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. தையற்காரிக்குத் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டால் அதைப் பிரித்துத் தைக்க முடியாது. வேலைக்கு இருந்த பெண்கள் போனார்கள். ஓவர்லாக் மெஷின் விலைக்குப் போனது. மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நின்றாள்.

அந்தச் சமயத்தில் போதகர், "அவருக்காக ஜெபம் பண்ணும்மா" என்று சொல்லியிருந்தார். ஊசியக்காவும் சொன்ன சொல் தவறாமல் தினமும் பண்ணினாள். "ஆண்டவரே, அந்தாளை நீரே பாத்துக்கொள்ளும்" என்பதுதான் அந்த ஜெபம். அதில் வேண்டுதலைவிட மிரட்டல் அதிகம் என்பது அவளுக்கும் தெரியும்.

தலைவி போன சற்று நேரத்தில் போன் அடித்தது. பள்ளி மேலாளர்.

"அம்மா, பழசை எல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. மாஸ்டருக்குக் கை உடைஞ்சுபோச்சு. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள சட்டை எல்லாம் வந்தாகணும். துணியை அங்க இருந்து எடுத்து உங்ககிட்ட குடுத்துடலாமான்னு பாக்கறேன். அடுத்த வருஷமும் உங்களுக்கே."

"முடியாதுன்னு மாஸ்டர் சொன்னாரா?"

"முடியும்னுதான் சொல்றார். ஒத்தைக் கையால என்ன முடியும்?"

ஊசியக்கா தெருவைப் பார்த்தாள். எதிர்க்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மாஸ்டர் வெட்டும் மேசை முன் நின்றிருந்தார். இடது கையில் பெரிய கத்தரி. துணியை நெஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டப் பார்த்தார். கத்தரி வழுக்கி ஓடியது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் ஓடியது.

"ஆர்டர் அவர்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் ஊசியக்கா. "நேரத்துக்கு வந்து சேந்துடும்."

"யாரு தைப்பா?"

"அது எங்க தெரு விஷயம்" என்று போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

மாலையில் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கணவர் பஸ் ஓட்டுகிறவர்; எதிரே எது வந்தாலும் பதறாமல் பிரேக்கில் கால் வைக்கிற மனிதர். தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மகள் மட்டும் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள்.

"அந்த ஆர்டர் வந்திருந்தா நான் இந்த வருஷமே திரும்பப் படிக்கப் போயிருக்கலாம். அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வேண்டாம்னு சொன்னே?"

"அவர் விழுந்த இடத்துல உன்னை ஏத்தி நிக்க வைக்க எனக்கு மனசு வரல. வேற வழி பாப்போம்."

"வேற வழி இருந்தா இத்தனை நாள் மாத்திரை எண்ணிக் குடுத்துட்டா நிப்பேன்? அவர் நம்ம வயித்துல அடிச்சாரு. நீ அவர் கடைக்குப் போய் வேலை செய்யப் போறே. அவர்மேல உனக்கு என்ன அவ்வளவு பாசம்?"

"பாசமா? பாத்தா பத்திக்கிட்டு வருது" என்றாள் ஊசியக்கா. "பாசம் வரலைன்னா என்ன, வேலை செய்யலாம்ல. பாசத்தோட தைச்ச சட்டை, பாசம் இல்லாம தைச்ச சட்டைன்னு தையல் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கணவர் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார்.

"யோசிச்சா போகவே மாட்டேன்ங்க."

"அப்போ யோசிக்காதே" என்றார் அவர். "புள்ளை படிப்புக்கு நான் ரெண்டு டிரிப் கூட எடுத்து ஓட்டறேன்."

மறுநாள் காலை ஊசியக்கா தன் கத்தரியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கடந்தபோது தெருவே தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பால் கடைக்காரர் பாத்திரத்தில் ஊற்றிய பாலை நிறுத்த மறந்து வழியவிட்டார்.

மாஸ்டர் கடையில் சட்டைத் துணி மேசை உயரத்துக்கு அடுக்கி இருந்தது. மூலையில் அவர் மனைவி மூக்கு நுனியில் கண்ணாடியைத் தொங்கவிட்டபடி ஊசியில் நூல் கோக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?" என்றார் மாஸ்டர்.

"மெஷின் வேணும்."

"வேடிக்கை பாக்க வந்தியா?"

"வேடிக்கை பாக்க இவ்வளவு தூரம் எதுக்கு வரணும்? என் கடையில இருந்தே நல்லாத் தெரியுது. துணியைக் கொல்றீங்க."

"போம்மா வெளியே."

"போக மாட்டேன்."

மாஸ்டரின் கழுத்து சிவந்தது. "உங்க சாமி சொல்லி அனுப்புச்சா? எதிரிக்கு நல்லது செய்யின்னு?"

"ஆமா. எனக்கும் அது இஷ்டமில்லதான். வேற யாரையாவது அனுப்பும்னு கேட்டுப் பாத்தேன். உங்களுக்கு நேர் எதிர்ல நான்தான் இருக்கேன்."

"நான் யாருக்கும் நன்றி சொல்ற ஆள் இல்ல."

"நான் கேக்கல."

"உன்மேல சொன்னதைத் திருப்பி வாங்கிக்குவேன்னு நினைக்காதே."

"அதையும் இப்ப கேக்கல. என்னைக்காவது கேப்பேன். இப்ப காலரோட அளவு சொல்லுங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மனைவி எழுந்து, மெஷின் முன்னால் கிடந்த ஸ்டூலைத் தன் முந்தானையால் துடைத்தார். "உக்காருங்கக்கா" என்றார். அந்த வீட்டில் அந்த அம்மா தானாக ஒரு முடிவு எடுத்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ, மாஸ்டர் கொஞ்ச நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று முதல் காலை வேளை எதிர்க்கடையிலும் மதியத்துக்குமேல் தன் கடையிலுமாக ஊசியக்காவின் நாள் இரண்டாகக் கிழிந்தது. வெட்டுவது, தோள் சேர்ப்பது, காலர் வைப்பது, கை ஏற்றுவது எல்லாம் அவள். பட்டன், காஜா எல்லாம் மாஸ்டரின் மனைவி. நூல் கோத்துக் கொடுத்துவிட்டால் அந்த அம்மாவின் கை அழகாக ஓடியது. மாஸ்டர் உதவவில்லை, தடுக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து குற்றம் மட்டும் சொன்னார். "இழுத்துத் தைக்கிற." "நூல் தொங்குது." "பாக்கெட் வாய் சிரிக்குது." ஊசியக்காவும் விடவில்லை. "பாக்கெட்டாவது சிரிக்கட்டும், இந்தக் கடையில வேற யார் சிரிக்கிறா?"

இதெல்லாம் அவளால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது வேறு. அவள் கிளம்பும் நேரம் வந்ததும் மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுவார். அன்றைக்கு மிஞ்சிய துணித் துண்டுகளை மேசையில் பரப்புவார். இடது கையால் நாடாவைப் பிடித்து, மறுமுனையை மாவுக்கட்டால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக அளப்பார். அவள் கண் முன்னாலேயே அளப்பார். ஊசியக்கா தன் பையைத் திறந்து மேசையில் கவிழ்த்துக் காட்டிவிட்டுத் தெருவைக் கடப்பாள். தன் கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு, சத்தம் வராமல் சுவரில் இரண்டு குத்துக் குத்துவாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த துணியை எடுப்பாள்.

சபையில் பேச்சு கிளம்பிவிட்டது. தலைவியம்மாவின் கவுன் தாமதமானதால் பேச்சில் காரம் கூடியது. "நம்மளைப் பாத்து நக்கல் பண்ற ஆளு. அவருக்குப் போய் இவ சேவகம் செய்யறா. நமக்குத்தான் அவமானம்" என்று ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் அவர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னார்.

அந்த வாரம் போதகர் எதிர்க்கடைக்கே வந்தார். மாஸ்டர் மருந்து வாங்கப் போயிருந்தார். போதகர் துணி மூட்டைகளுக்கு நடுவே இடம் தேடி உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"அன்பு வேணும்தாம்மா. கூடவே ஞானமும் வேணும். உன் குடும்பத்தையும் பாக்கணும் இல்லையா? அவரை நாம ஜெபத்துல தாங்கலாமே."

"ஜெபத்துல தாங்கலாம்ங்கய்யா. காலரை யாரு தைப்பா?"

போதகர் மேசையில் கிடந்த ஒரு குட்டிச் சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஏங்கய்யா, பகைக்கிறவங்களை நேசிக்கணும்னு நீங்கதான் மேடையில நின்னு சொன்னீங்க. நான் பெஞ்சுல உக்காந்து தலையாட்டினேன். அன்னைக்கே ஞானத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா, நான் தலையை ஆட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருப்பேன்ல."

போதகர் சட்டையை மடித்து வைத்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை. "உண்மையைச் சொல்லட்டுமாம்மா? அதைப் பிரசங்கத்துல சொன்னப்போ யாராவது போய் நிஜமாவே செய்வாங்கன்னு நான் நினைக்கல" என்றார். போகும்போது தலையைக் குனிந்துகொண்டே போனார்.

மகள் அதுவரை எதிர்க்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு நாள் அம்மா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதால், மருந்துக் கடையிலிருந்து இடைவேளையில் டிபன் பாத்திரத்தோடு வந்தாள். அவள் வாசலில் கால் வைத்த நேரம் பார்த்து, மாஸ்டர் துணித் துண்டுகளை அளந்துகொண்டிருந்தார். ஊசியக்கா பையைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாடாவும் நூல்கண்டும் ஒரு சீப்பும் மேசையில் விழுந்தன.

மகளுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. டிபனை மெஷின் மேல் வைத்தாள்.

"என்ன அளக்கறீங்க?"

மாஸ்டர் நிமிரவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன். எங்கம்மா துணி திருடறாங்களான்னு பாக்கறீங்களா? உங்க பொய்யால நான் படிப்பை விட்டேன். எங்க கடையில இருந்த ரெண்டு பேருக்கு வேலை போச்சு. அதுல ஒருத்தங்களுக்குக் கைக்குழந்தை. அதெல்லாம் அளந்தீங்களா? அதுக்கு நாடா இருக்கா உங்ககிட்ட?"

மாஸ்டரின் மனைவி பயந்துபோய் ஊசியக்காவைப் பார்த்தார், மகளை அடக்கச் சொல்லி. ஊசியக்கா அடக்கவில்லை. சிதறிய பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டே, "அவ சொல்றது எல்லாம் உண்மை" என்றாள். "இங்க வந்து தைக்கறதால அது நடக்கலைன்னு ஆயிடாது."

மாஸ்டர் நாடாவைச் சுருட்டப் பார்த்தார். ஒற்றைக் கையில் அது சுருளவில்லை. மகள் அந்த இன்னொரு கையை, மாவுக்கட்டின் விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த விரல்களை அப்போதுதான் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"விரலை ஆட்டுங்க."

"என்ன?"

"விரலை ஆட்டுங்கன்னு சொல்றேன்." பக்கத்தில் போய், அவர் கையைக் கேட்காமலே பிடித்துத் தூக்கினாள். விரல்கள் வீங்கி, நுனியில் நீலம் பாய்ந்திருந்தன. நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தாள். வெளுத்த நிறம் உடனே திரும்பவில்லை. "மரத்துப்போயிருக்கா? எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா. வலி இருந்துச்சு, மாத்திரை போட்டேன்."

"கட்டு இறுக்கமா இருக்கு. ரத்தம் ஓடல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைப் பிரிக்கணும். நாளைக்குன்னு தள்ளிப்போட்டா கை உங்களுக்கு இல்ல."

மாஸ்டர் அவளையே வெறித்துப் பார்த்தார்.

"அப்படிப் பாக்காதீங்க" என்றாள் மகள். "நான் எங்கம்மா மாதிரி கிடையாது. எனக்கு உங்களைச் சுத்தமாப் பிடிக்கல. ஆனா விரல் நீலமா இருக்கு. கிளம்புங்க."

அவளே ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவளே ஏறி உட்கார்ந்தாள். வேலைக்குத் திரும்பவில்லை என்று மருந்துக் கடை முதலாளி கத்தியதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் கேட்டுக்கொண்டாள். டாக்டர் கட்டைப் பிளந்து விரித்ததும் மாஸ்டர் வலியில் பல்லைக் கடித்தார். பிடித்துக்கொள்ள அவர் இடது கைக்குக் கிடைத்தது அவள் தோள்தான். அவள் அதைத் தட்டிவிடவில்லை. கையை இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தேறியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் துணித் துண்டுகளை அளக்கவில்லை. குற்றம் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன் சட்டைகள் எல்லாம் தயாராகிவிட்டன. மேலாளர் வந்து, கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தார். காலரைத் திருப்பினார், தையலை இழுத்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். "கை இப்படி இருந்தும் முடிச்சுட்டீங்களே மாஸ்டர். எப்படி?"

ஊசியக்கா மெஷின் பின்னால் உட்கார்ந்து கடைசிச் சட்டையின் நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவள் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"ஆள் வச்சுத் தைச்சேன்" என்றார்.

மேலாளர் போய்விட்டார். மாஸ்டரின் மனைவி கையிலிருந்த சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஊசியக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறி, அங்கிருந்து காது வழியாக ஆவியாகப் போனதுபோல் இருந்தது. எழுந்தாள். "மிச்சத் துணி மேசைக்கு அடியில இருக்கு மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் காற்று திசை மாறியிருந்தது. ஊசியக்காவின் மகள் மாஸ்டரின் கையைக் காப்பாற்றிய கதை அதற்குள் கால் முளைத்துத் தெருத் தெருவாகப் போய்விட்டது. தலைவியம்மா புதுக் கவுனில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ முன்னால வந்து சாட்சி சொல்லணும். ஒரு ஆத்துமாவை அன்பால ஜெயிச்சிருக்கே. கேட்டா எத்தனை பேருக்கு ஆசீர்வாதமா இருக்கும்."

ஊசியக்கா முன்னால் போனாள். மைக்கை உயரம் குறைத்துக்கொண்டாள். கணவர் கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் பஸ் எடுக்க வேண்டும். மகள் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"நான் யாரையும் ஜெயிக்கல" என்றாள் ஊசியக்கா. "மாஸ்டர் அப்படியேதான் இருக்கார். எனக்கு நன்றி சொல்லல. என்மேல போட்ட பழியைத் திருப்பி எடுத்துக்கல. நான் தைச்ச சட்டையை, ஆள் வச்சுத் தைச்சேன்னு சொல்லிட்டார். ஆர்டர் அவர்கிட்டதான் இருக்கு. என் புள்ளை இந்த வருஷம் படிக்கப் போகல. அவங்கப்பா ராப்பகலா பஸ் ஓட்டறார். நடந்தது இவ்வளவுதான்."

சபை நெளிந்தது. தலைவியம்மா முன்வரிசையிலிருந்து மெல்ல, "அப்போ எதுக்கும்மா செஞ்சே?" என்று கேட்டேவிட்டார்.

"ஆண்டவர் செய்யின்னு சொல்லியிருக்கார், செஞ்சேன். செஞ்சா அவங்க மாறிடுவாங்கன்னு எங்கயாவது சொல்லியிருக்காரா? மாறினாத்தான் நேசிப்போம்னா அது பேரு வியாபாரம். அது எனக்குக் கடையிலயே தெரியும், அதுக்கு இங்க வரத் தேவையில்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர் என்னை வெறுக்கலாம். அது அவர் இஷ்டம். ஆனா நான் என்ன செய்யணும்னு அவரோட வெறுப்பு எனக்குச் சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது. நாளைக்கும் போவேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் மட்டும் எழுந்து நின்றார். எதற்கு நின்றோம் என்று தெரியாமலோ என்னவோ, அவள் தன் இடத்துக்குப் போய் உட்காரும்வரை அப்படியே நின்றார். மகள் நகர்ந்து இடம் விட்டாள். "வியாபாரம்னு சொன்னது கொஞ்சம் அதிகம்" என்று அம்மா காதில் முணுமுணுத்தாள். ஆனால் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஊசியக்கா தன் கடையைத் திறந்து, அன்றைய வேலையை எடுத்து வைத்துவிட்டு, தெருவைக் கடந்தாள்.

மாஸ்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆர்டர்தான் முடிஞ்சுதே. இப்ப எதுக்கு வர்றே?"

"கை முடியலையே" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கால்களை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார், அவள் போக வழிவிட்டு. அவள் மெஷின் முன் உட்கார்ந்து பாபினைப் பொருத்தினாள். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"அந்த ரெண்டாவது கட்டுல காலர் கொஞ்சம் தளர்ச்சியா இருந்துச்சு. இன்னைக்காவது பாத்துத் தை."

"தளர்ச்சி காலர்ல இல்ல மாஸ்டர், உங்க கண்ணுல. அளவு சொல்லுங்க."

அவர் அளவு சொன்னார்.